பாண்டியின் கார்டை வைத்திருப்பவருக்கு

விஸ்வநத்தம்
3.6.2025

பாண்டியின் கார்டை வைத்திருப்பவருக்கு,

இது நலம் விசாரித்து எழுதுகிற கடிதம் இல்லை. நீங்கள் யார் என்று எனக்குத் தெரியாது. அவருடைய சாமான்களோடு வந்த காகிதத்தில் டார்மிட்டரி விலாசமும் ரூம் நம்பரும் இருந்தன. அந்த ரூமில் ஒருவர்தான் நீங்கள் என்று நினைத்து எழுதுகிறேன். வேறு யாராவது பிரித்துப் படித்தால், கார்டு யாரிடம் இருக்கிறதோ அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

நான் பொன்மணி, பாண்டியின் பெண்டாட்டி. அவர் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து, உடம்பு ஊர் வந்து, காரியமும் முடிந்துவிட்டது. ஒரு பை வந்தது. சட்டை, போன், பெல்ட், பல் துலக்குகிற பிரஷ் வரைக்கும் அதில் இருந்தது. கார்டு மட்டும் இல்லை. எங்கேயோ தொலைந்திருக்கும் என்று நினைத்தேன். காரியம் முடிந்த மறுநாள் விடியுமுன் என் போன் அடித்தது. சிங்கப்பூரில் ஒரு கடையின் பெயரைப் போட்டு, உங்கள் கார்டில் இவ்வளவு எடுக்கப்பட்டது என்று மெசேஜ். அவர் இருந்தவரை தினமும் வந்த அதே கடை, அதே டீ ரொட்டிக் காசு. அன்றிலிருந்து தினமும் வருகிறது.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். அந்தக் கார்டு என்னுடையது. பட்டாசுக் கம்பெனியில் நான் சரம் பின்னுகிற கூலி சனிக்கிழமைதோறும் ஏறுகிற கணக்கு அது. அவர் கிளம்பும்போது, முதல் சம்பளம் வருகிறவரை கைச்செலவுக்கு என்ன செய்வார் என்று பேங்கில் போய்க் கேட்டேன். "உங்ககிட்ட இருக்கிற ரூபே கார்டு நம்ம நாட்டுக்குள்ளதாம்மா செல்லும். இப்ப சிங்கப்பூரு, துபாயின்னு வெளிய செல்லுற கார்டும் வந்திருக்கு. எழுதிக் குடுங்க, வாங்கித் தாரேன்" என்றார் அங்கிருந்தவர். எழுதிக் கொடுத்து வாங்கினேன். சிவகாசியைத் தாண்டாதவளின் கூலி கடலைத் தாண்டிப் போய்க் கடையில் செல்கிறது என்று கம்பெனி வேனில் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன்.

ஒரு போன் போட்டால் கார்டை நிறுத்திவிடலாமாம். நான் நிறுத்தவில்லை. போலீசுக்கும் போகவில்லை. எனக்கு ஒன்று தெரிய வேண்டும். அவர் சாவதற்கு முந்தின வாரம் சிராங்கூன் ரோட்டு நகைக்கடை ஒன்றில் அந்தக் கார்டில் பெரிய தொகைக்கு ஏதோ வாங்கியிருக்கிறார். பையில் நகை எதுவும் வரவில்லை. என்ன வாங்கினார், யாருக்கு வாங்கினார்? ஒரே ரூமில் கிடந்த உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. அதைச் சொல்லிவிட்டு டீயைக் குடியுங்கள்.

பொன்மணி


சிங்கப்பூர்
18.6.2025

மதினிக்கு,

அப்படிக் கூப்பிட எனக்கு யோக்கியதை இல்லை. பாண்டி அண்ணனை அண்ணன் என்று கூப்பிட்ட வாய்க்கு வேறு எப்படியும் எழுத வரவில்லை. என் பெயர் சீனிச்சாமி. வெம்பக்கோட்டைக்காரன். அண்ணனுடைய கட்டிலுக்குக் கீழ்க் கட்டில் என்னுடையது.

கார்டு என்னிடம்தான் இருக்கிறது. அன்று காலை லாரியை விட்டு இறங்கியதும், "ஏலே, மேல வேலை கெடக்கு. நீ போயி ரெண்டு பேருக்கும் டீ வாங்கிட்டு வந்துரு" என்று கையில் கொடுத்தார். நான் திரும்பி வரும்போது கீழே கூட்டம் நின்றது. அவருடைய சாமான்களை எங்கள் ரூமில் மூத்தவர் கருப்பணன் அண்ணன்தான் கட்டினார். அப்போது கார்டு என் சட்டைப்பையில் இருப்பதே எனக்கு நினைவில்லை. அது உண்மை. அப்புறம் நினைவு வந்தும் கொடுக்கவில்லை. அதுவும் உண்மை.

என் சம்பளம் முழுவதும் ஏஜென்டு கடனுக்கே போய்விடுகிறது. பசித்தது, கடை மிஷினில் கார்டைத் தட்டினேன். வேறு காரணம் சொல்ல மாட்டேன். இந்த நாட்டில் எத்தனையோ கடையில் நம் கார்டுக் குறியை ஒட்டியிருக்கிறார்கள் என்பது ஊரில் இருப்பவர்களுக்குப் பெருமையாக இருக்கும். எனக்கு அது தினமும் களவாடுவதற்கு வசதியாகப் போய்விட்டது.

நகைக்கடை விஷயம் எனக்குத் தெரியாது. அண்ணன் எல்லாவற்றையும் எங்களிடம் சொல்கிற ஆள் இல்லை.

கார்டை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிடவா? தயவு செய்து போன் மட்டும் செய்யாதீர்கள். உங்கள் குரலை நான் ஏற்கெனவே ஒரு முறை கேட்டிருக்கிறேன். இன்னொரு முறை கேட்கத் தெம்பில்லை.

சீனிச்சாமி


விஸ்வநத்தம்
5.7.2025

சீனிச்சாமிக்கு,

மதினி என்று எழுதிவிட்டாய், அதனால் இனி நீ என்றே எழுதுகிறேன். பசி என்று ஒப்புக்கொண்டவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. வேறு ஏதாவது கதை அளந்திருந்தால் கிழித்திருப்பேன்.

கார்டை அனுப்பாதே. வைத்துக்கொள். தினமும் போய் டீ குடி.

ஏன் என்று கேட்பாய். கம்பெனிக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. பொறி பறந்தால் போச்சு. கேட்டிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். பகல் முழுக்க நான் போன் இல்லாதவள். சாயங்காலம் கையில் வந்தாலும் எனக்கு யார் கூப்பிடப் போகிறார்கள்? விடியுமுன் அடுப்பைப் பற்றவைக்கிற நேரம் அது ஒரு தடவை அடிக்கும். அவர் எழுந்துவிட்டார், கடைக்குப் போய்விட்டார் என்று சோறு வடிக்கிற நேரம் வரைக்கும் மனசுக்கு ஒரு பிடிப்பு. அவரை எரித்தது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துகொண்டேதான் நினைக்கிறேன். பைத்தியம் என்றால் சொல்லிவிட்டுப் போ. போன ஞாயிற்றுக்கிழமை நீ கடைக்குப் போகவில்லை. அன்று முழுக்க நான் பாயை விட்டு எழவில்லை. இனி ஞாயிற்றுக்கிழமையும் போ.

கணக்கில் பணம் குறைகிறதே என்று கவலைப்படாதே. சரம் பின்னுவதை விட்டுவிட்டுப் புஸ்வாணத்துக்கு மருந்து செலுத்துகிற ரூமுக்கு மாறிக்கொண்டேன். அங்கே கூலி கொஞ்சம் கூட. போர்மேன் செல்லச்சாமி, "ஏத்தா, ஒனக்கென்ன கிறுக்கா? எல்லாரும் அந்த ரூமுல இருந்து வெளிய வரப் பாக்காக, நீ உள்ள போறேங்கியே" என்று வைதார். எனக்கு என்ன ஆகிவிடப் போகிறது இனிமேல்?

நகைக்கடை விஷயம் உனக்குத் தெரியாது என்கிறாய். அதை நான் நம்பவில்லை. எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம். வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. அவர் அதைச் சொல்லி ஒரு நாளும் என்னை வைததில்லை, ஊர்தான் வைதது. அந்த மெசேஜ் வந்ததும் ஊர் சொன்னதெல்லாம் எனக்குள் ஏறிக்கொண்டது. போனில் வாய்க்கு வந்தபடி பேசினேன். அவர் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. எதற்கும் எதிர்த்துப் பேசுகிற மனுஷன், அன்று வாயை மூடிக்கொண்டார். அதற்கப்புறம் அவர் கூப்பிட்டபோதெல்லாம் நான் எடுக்கவில்லை. அப்புறம் பெட்டிதான் வந்தது.

அவர் எனக்குத் துரோகம் செய்துவிட்டுப் போனாரா, அல்லது ஒரு குற்றமும் இல்லாத மனுஷனை நான் வைது அனுப்பினேனா? இந்த இரண்டில் எது என்று தெரியாமல் எனக்கு அழக்கூட வரவில்லை சீனிச்சாமி. எல்லோரும் என்னைக் கல்நெஞ்சுக்காரி என்கிறார்கள். எதற்கு அழுவது என்று தெரிந்தால்தானே அழலாம்.

பொன்மணி


சிங்கப்பூர்
22.7.2025

மதினிக்கு,

ஞாயிற்றுக்கிழமையும் போய்வருகிறேன். அந்தக் கடை எங்கள் டார்மிட்டரிக்குப் பக்கத்திலும் இல்லை, வேலை நடக்கிற இடத்துக்குப் பக்கத்திலும் இல்லை. பக்கத்திலேயே டீக்கடை இருக்கிறது, அங்கே கையில் காசு கொடுக்க வேண்டும். கார்டு தட்டுகிற கடைக்கு ரொம்ப தூரம் நடக்க வேண்டும். சம்பளம் வர ஆரம்பித்த பிறகும் அண்ணன் அங்கேதான் நடந்து போவார். ஏன் அண்ணே இந்த வெட்டி நடை என்று ஒரு நாள் கேட்டேன். "நான் இங்கன தட்டுனா அங்கன அவ போன் அடிக்கும்லே. அடுப்பு பத்தவைக்கிற நேரம். மனுசன் நல்லா இருக்கான்னு தெரிஞ்சுக்கிருவா. தினமும் போன் போட்டுப் பேச என்கிட்ட என்ன சேதி இருக்கு?" என்றார். நீங்கள் எழுதியதைப் படித்தபோது அதுதான் ஞாபகம் வந்தது.

மருந்து ரூமுக்குப் போகாதீர்கள் மதினி. என் டீக்காக நீங்கள் அங்கே உட்கார வேண்டாம்.

நகைக்கடை விஷயம். போன கடிதத்தில் தெரியாது என்று எழுதியது பொய். அண்ணன் போனபோது நானும் கூடப் போனேன். அவர் வாங்கியது ஒரு தங்கச் சங்கிலி. மெல்லிசுதான். அது உங்களுக்குத்தான். தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது கையில் கொடுக்க வேண்டும், அதற்குள் சொன்னால் ருசி போய்விடும் என்று வாயைத் திறக்காமல் இருந்தார். அவர் போன பிறகு சங்கிலி எங்கே போனது என்று எனக்குத் தெரியாது. போலீஸ் வந்தது, கம்பெனிக்காரர்கள் வந்தார்கள், அந்தக் குழப்பத்தில் தொலைந்திருக்கும்.

இனி அழுங்கள் மதினி. அவர் உங்களை விட்டுப் போனவர் இல்லை.

சீனிச்சாமி


விஸ்வநத்தம்
9.8.2025

தம்பி சீனிச்சாமிக்கு,

உன் கடிதம் வந்த அன்று வேலைக்குப் போகவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னமோ ஏதோ என்று ஓடிவந்து கதவைத் தட்டினார்கள். அவர் செத்து இத்தனை நாள் கழித்து இன்றைக்கு எதற்கு இந்த அழுகை என்று அவர்களுக்கு விளங்கவில்லை. "எனக்குத்தாம்மா வாங்கியிருக்காக, எனக்குத்தான் வாங்கியிருக்காக" என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். நான் வைத பாவம் எங்கேயும் போகாது. ஆனாலும் அவர் எனக்கு உரியவராகவே போனார். அது போதும் என்று இருக்கிறது.

மறுநாள் வேனில் எல்லோருக்கும் சொன்னேன். பாக்கிங்கில் மாரித்தாய் என்று ஒரு வெம்பக்கோட்டைக்காரி இருக்கிறாள். என்னைக் கட்டிக்கொண்டு, தன் தம்பியும் சிங்கப்பூரில்தான் இருக்கிறான், பெயர் சீனிச்சாமி என்றாள். உன் அக்காவாமே! கார்டு விஷயத்தை நான் சொல்லவில்லை, பயப்படாதே. வேலை விட்டு வரும்போது போனில் படம் காட்டினாள். அவள் மகள் சினேகாவின் சடங்குப் படம். கழுத்தில் நீ அனுப்பிய சங்கிலி. "என் தம்பி தாய்மாமன் சீர்ல கொறை வைக்கலை, பாத்தீகளா? வெளிநாட்டுல கெடந்தாலும் சபையில எங்க மானத்தக் காப்பாத்திட்டான்" என்று உருகிப்போனாள். அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னுடைய சங்கிலியும் அந்த மாதிரிதான் இருந்திருக்குமா? நீதான் கூட நின்று பார்த்தவன், உனக்குத் தெரியுமே. முகப்பு வைத்ததா, வெறும் சங்கிலியா? எழுது.

ஒன்று கேள். அது தொலைந்துபோகவில்லை. யாரோ எடுத்திருக்கிறார்கள். சாமான்களைக் கட்டியது கருப்பணன் என்று நீதான் எழுதினாய். பிரஷ் வரைக்கும் எடுத்துக் கட்டியவன் கண்ணுக்குச் சங்கிலி தெரியாமல் போகுமா? சாத்தூரில் ஒரு வக்கீலைப் பார்த்தேன். அங்கே இருக்கிற நம் தூதரகத்துக்கும் கம்பெனிக்கும் கருப்பணன் பெயரைப் போட்டு மனு எழுதித் தருகிறேன் என்றார். இங்கே பரிசோதனை என்று பத்து நாளாகக் கம்பெனியைப் பூட்டி வைத்திருக்கிறார்கள், கையில் காசில்லை. திறந்ததும் முதல் கூலியில் மனுவை அனுப்பிவிடுவேன். நீ சாட்சி சொன்னால் போதும். பொன் வேண்டும் என்று கேட்கவில்லை. அவர் கையால் வாங்கியதை ஒரு நாள் கழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும்.

உன் மதினி
பொன்மணி


சிங்கப்பூர்
27.8.2025

மதினி,

கருப்பணன் அண்ணன் மேல் மனு அனுப்பாதீர்கள். அவர் ஒரு பாவமும் அறியாதவர். அண்ணனின் உடம்போடு ஆஸ்பத்திரியில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தது அவர் ஒருத்தர்தான். உங்கள் மனு வந்தால் அவரை முதல் விமானத்தில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள்.

அந்தச் சங்கிலி தொலையவில்லை. நீங்கள் அதைப் பார்த்துவிட்டீர்கள். சினேகா கழுத்தில் கிடப்பதுதான்.

அக்கா மகள் சடங்குக்குத் தாய்மாமன் நான் ஒருத்தன்தான். சீரோடு வா, இல்லையென்றால் சீரையாவது அனுப்பு என்று அக்கா போனில் அழுதாள். என் கையில் காசு இல்லை. நான் கட்டிலில் குப்புறக் கிடந்ததைப் பார்த்து அண்ணன்தான் எழுப்பினார். "தாய்மாமன் உசிரோட இருக்கையில புள்ள வெறுங்கழுத்தோட மணையில உக்காரணுமாக்கும்? எந்திரிலே" என்று இழுத்துக்கொண்டு போனார். கார்டை அவர்தான் நீட்டினார். ஊருக்குப் போன ஒருவரிடம் சங்கிலியைக் கொடுத்தனுப்பினேன். அடுத்தவன் பெண்டாட்டி கூலியில் சீர் செய்தான் என்று தெரிந்தால் சபையில் அக்கா தலை நிமிர முடியாது. நீங்களும் அக்காவும் ஒரே கம்பெனி என்பது எங்களுக்குத் தெரியும். அதனால் யாரிடமும், உங்களிடமும்கூட, சொல்லக் கூடாது என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்யச் சொன்னேன். செய்தார்.

அன்று நீங்கள் போன் செய்தபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். உங்கள் சத்தம் எனக்கும் கேட்டது. "எவளுக்கு வாங்குன? மலடின்னுதான வேற ஒருத்தியத் தேடிக்கிட்ட? வராத. அங்கனயே விழுந்து சாவு" என்றீர்கள். அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். சொல்லுங்கள் அண்ணே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சொல்லியிருப்பார். நான் சொல்லவில்லை. போனை வைத்த பிறகு, "சடங்கு முடியட்டும்லே, நானே சொல்லிக்கிடுதேன். வைவா, அம்புட்டுத்தான்" என்றார். நீங்கள் போனை எடுக்காத நாளெல்லாம் சரியாகச் சாப்பிடவில்லை. சடங்குக்கு முந்தின நாள் விழுந்தார். அக்கா எனக்குச் சடங்குப் படம் அனுப்பிய நேரத்தில் நான் பிணவறை வாசலில் நின்றேன்.

உங்களுக்கு வாங்கினார் என்று எழுதியது, உங்களுக்கு ஆறுதலாக இருக்கும் என்றுதான். என்னைக் காப்பாற்றிக்கொள்ளவும்தான்.

அக்காவிடம் சொல்லுங்கள், ஊரில் சொல்லுங்கள், எனக்குத் தடுக்க வாயில்லை. கார்டை நிறுத்திவிடுங்கள். அதுவரை தினமும் போய்த் தட்டிக்கொண்டிருப்பேன். என்றைக்குக் கடையில் செல்லாது என்கிறார்களோ, அன்றைக்கு இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்துவிட்டது என்று தெரிந்துகொள்கிறேன்.

சீனிச்சாமி


விஸ்வநத்தம்
15.9.2025

சீனிச்சாமிக்கு,

கடிதம் வந்தது. மனு அனுப்பவில்லை.

உன் அக்காவிடம் சொல்லவில்லை. சொல்ல மாட்டேன். உனக்கு இரக்கப்பட்டு இல்லை. அவர் செத்தும் காப்பாற்றிய சத்தியத்தை நான் ஏன் உடைக்க வேண்டும்? மாரித்தாய் முந்தாநாள்கூட, "ஒங்க சங்கிலி கெடைச்சுதா மதினி?" என்று கேட்டாள். இல்லை என்றேன். "எடுத்தவன் நல்லா இருப்பானா?" என்று அவள் சாபம் விட்டாள். நான் வேனை விட்டு இறங்கும்வரை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

என்னிடம் சொல்லியிருந்தால் நான் கொடுத்திருக்க மாட்டேன் என்றா நினைத்தீர்கள் இரண்டு பேரும்? சினேகா கழுத்துக்கு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இன்னொரு பவுன் சேர்த்து வாங்கிக் கொடு என்றிருப்பேன். என் வீட்டில் சடங்கு வைக்க ஒரு பெண் இல்லை. இதைக்கூட என்னைக் கேட்காமல் செய்தீர்களே. என் கூலியில் அந்தப் பிள்ளைக்குச் சங்கிலி போனது எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்குமடா. அந்தச் சந்தோஷத்தையும் எடுத்துக்கொண்டு, அவரையும் எடுத்துக்கொண்டாய் நீ.

உன் கடிதத்தைப் படித்த சூட்டிலேயே பேங்குக்குப் போனேன். போன் போட்டே நிறுத்தலாம், ஆனால் யாரோ ஒரு பெண்ணிடம் போனில் சொல்வதில் என் கோபம் தீராது என்று பட்டது. கார்டை நிறுத்தும்படி அவர்கள் கொடுத்த தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு நீட்டினேன். அங்கிருந்தவர் கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினார், முடிந்துவிட்டது என்றார். இனி உனக்கு டீ கிடையாது என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். நன்றாகத் தூங்கினேன்.

விடியுமுன் போன் அடித்தது. இனி அடிக்காது என்று நினைத்திருந்ததால் தூக்கிவாரிப் போட்டது. அதே கடையின் பெயர்தான். கார்டு நிறுத்தப்பட்டிருப்பதால் பணம் தரவில்லை என்று இருந்தது. நீ கேட்ட பதில்தான், உனக்கு வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் உன் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது சீனிச்சாமி. அந்தக் கடை வாசலில் எனக்குத் தெரிந்த முகம் ஒன்றுதான். கார்டை நீட்டியது அவர்தான். செல்லாது என்று அவரிடம்தான் சொன்னார்கள். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர், ஒரு டீ கூடக் குடிக்காமல் பசியோடு சாரத்தில் ஏறப் போனார்.

பேங்க் திறக்கும் முன்பே போய் வாசலில் நின்றேன். நிறுத்தியதை எடுத்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். "ஒருக்கா நிறுத்துனா நிறுத்துனதுதாம்மா. புதுக் கார்டு வேணா எழுதிக் குடுங்க" என்றார். புதுக் கார்டை வாங்கி யாருக்கு அனுப்புவேன்?

இனி எனக்கு எழுதாதே. விழுந்து சாவு என்று முதல் தடவை வாயால்தான் சொன்னேன். இந்தத் தடவை எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்துவிட்டேன்.

பொன்மணி